நான்காவது வரியும் வெள்ளைச் சீரமும்

ரத்தத்தைச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும் தாளைப் பற்றி, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நீங்கள் இருவரும் கேட்டீர்கள். ஏழு வரிகளில் நான்காவது மட்டும் ஏன் அடிக்கப்பட்டிருக்கிறது, அந்த இடத்தில் ஏன் வேறு எதுவும் எழுதவில்லை என்று. அது காலை நேரக் கூட்டம், பிறகு சொல்கிறேன் என்றேன். வருகிற வெள்ளிக்கிழமையோடு நான் இந்த லேபை விட்டுப் போகிறேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. பைப்பெட் பிடிப்பதும் மெஷினுக்கு கன்ட்ரோல் ஓட்டுவதும் உங்களுக்கு நன்றாகவே வருகிறது. சொல்லாமல் விட்டது இந்த ஒன்றுதான். நேரில் சொன்னால் நடுவில் யாராவது ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் எழுதிவைக்கிறேன்.

பட்டியல் போடுவது என் பழக்கம். ரிசப்ஷனில் இருக்கும் பெனிட்டா, "அக்கா தும்முறதுக்கு முன்னாடிகூட ஒண்ணு, ரெண்டுன்னு எழுதிப்பாங்க" என்று சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நானே டைப் செய்து ஒட்டிய தாள் அது. பெயரைச் சரிபார், டியூபின் மூடி நிறத்தைப் பார், இப்படிப் போகும். அதன் நான்காவது வரி இதுதான்: "வெள்ளைச் சீரம் என்றால் சாப்பிட்டுவிட்டு வந்தவர். மெஷினில் ஓட்டாதே. திருப்பி அனுப்பு."

தவறான வரி என்று யாருக்கும் தோன்றவில்லை. ரத்தம் சுழன்று நின்றபின் அடியில் சிவப்பும் மேலே சீரமும் பிரியும். சீரம் வெளிர் மஞ்சளாக, பின்னால் இருப்பது தெரியும்படி இருக்க வேண்டும். கொழுப்பு கூடினால் கலங்கும். அளவு மீறினால் பாலாகவே ஆகிவிடும். டியூபை அச்செழுத்துக்கு முன்னால் பிடித்துப் பார்ப்போம். எழுத்து தெரிந்தால் மெஷினுக்குப் போகலாம். எங்கள் லேபில் அந்த அச்செழுத்து என் தாள்தான். கலங்கிய சீரத்தில் மெஷின் தாறுமாறாகப் படிக்கும். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் டீயும் பன்னும் முடித்துவிட்டு வருகிறவர்கள் இந்தத் தாம்பரம் வட்டாரத்தில் நிறைய பேர். திருப்பி அனுப்பினால் அடுத்த நாள் ஒழுங்காக வருவார்கள். நூற்றுக்கணக்கானவர்களை அப்படி அனுப்பியிருக்கிறேன்.

முரளியும் அப்படித்தான் வந்தார். மாடம்பாக்கத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், வயது முப்பத்தைந்துக்குள். கையும் காலும் ஒல்லி, வயிறு மட்டும் உருண்டை. எப்போதும் அசதி, ஓயாத தாகம் என்று தெருமுனை டாக்டரிடம் போயிருக்கிறார். அவர் வெறும் வயிற்றில் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதியிருந்தார். திங்கட்கிழமை காலை ரத்தம் எடுத்தோம். சென்ட்ரிஃபியூஜைத் திறந்தால் அவருடைய டியூப் மட்டும் வெள்ளை. தாளுக்கு முன்னால் பிடித்தேன். ஏழு வரியும் மறைந்தன. நானே போன் செய்தேன்.

"சார், நீங்க சாப்பிட்டுட்டு வந்திருக்கீங்க."

"இல்லையே மேடம். தண்ணிகூட குடிக்கல."

"வெள்ளிக்கிழமை வாங்க. பன்னிரண்டு மணி நேரம் எதுவும் கூடாது."

வெள்ளிக்கிழமை வந்தார். மறுபடியும் வெள்ளை. இந்த முறை அவர் மனைவி சுகுணாவும் கூட வந்திருந்தார். ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் வேலை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்ட கோபத்தில் கவுன்டரைத் தட்டினார்.

"இன்னா மேடம், ரெண்டு தபா குத்திட்டு ரெண்டு தபாவும் இல்லன்றீங்க? நேத்து ஏழு மணிக்கு ரெண்டு இட்லி. நான்தான் வெச்சேன். அதோட சரி."

"சீரம் பொய் சொல்லாதும்மா" என்றேன். இந்த வாக்கியத்தை அப்போது அடிக்கடி சொல்வேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வீட்ல யாருக்கும் தெரியாம எழுந்து ஏதாவது சாப்பிடறாரான்னு கொஞ்சம் பாருங்க" என்று சேர்த்துக்கொண்டேன்.

சுகுணா திரும்பிக் கணவரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். குற்றம் செய்தவர் குனிவது மாதிரியே இருந்தது எனக்கு. இரண்டாவது டியூபிலும் "திருப்பியது" என்று எழுதி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். நிராகரித்த டியூப்களை ஒரு வாரம் வைத்திருப்பது எங்கள் வழக்கம்.

அடுத்த திங்கட்கிழமை, காலை வண்டியை இரண்டு முறை எடுக்க முடியாமல் போனதில் பள்ளிக்கூடத்தில் திட்டு, வீட்டுக்கே வந்து எடுக்க முடியுமா என்று முரளி கேட்டதாக பெனிட்டா சொன்னாள். செம்பாக்கத்திலிருந்து வரும் எனக்கு மாடம்பாக்கம் பெரிய சுற்று இல்லை. நானே போகிறேன் என்றேன். உதவி செய்யும் எண்ணம் என்று சொன்னால் நம்பாதீர்கள். சமையலறையில் கழுவாத தட்டு ஒன்றைப் பார்த்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் போனேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி. கோயில் தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. வெளியே வேன் நின்றது. கதவு திறந்ததும் எனக்கு முதலில் தட்டுப்பட்டது, அந்த வீட்டில் எந்த வாசனையும் இல்லை என்பது. ஆறு மணிக்கு எந்த வீட்டிலும் டீ வாசனையாவது இருக்கும்.

சமையலறைக் கதவில் பூட்டு தொங்கியது. புதுப்பூட்டு. வாசல்படிக்கு முன்னால் தரையில் ஒரு கை அகலத்துக்கு அரிசி மாவு சல்லடையில் சலித்துத் தூவப்பட்டிருந்தது. கோலம் என்று நினைத்துத் தாண்டப் போனேன்.

"மிதிக்காதீங்க மேடம்" என்றார் சுகுணா. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "நீங்க பாருங்க. ஒரு தடமாவது கீதான்னு பாருங்க."

குனிந்து பார்த்தேன். எறும்புத் தடம்கூட இல்லை.

முரளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் வலது மணிக்கட்டில் ஒரு துப்பட்டாவின் நுனி கட்டியிருந்தது. மறுநுனி அவிழ்ந்து தரையில் கிடந்தது. சுகுணா அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பட்டியல் வாசிப்பது போல் சொன்னார். வெள்ளிக்கிழமையிலிருந்து முட்டைகளில் பென்சிலால் நம்பர். பால் பாக்கெட்டில் பேனாக் கோடு. பிஸ்கட் டப்பாவில் நூல். ஞாயிற்றுக்கிழமை பூட்டு. நேற்று மாவு. தூங்கும்போது கணவர் கையைத் தன் கையோடு கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்.

"ஒண்ணும் குறையல மேடம். ஒரு முட்டை குறையல. அவரு அசையவே இல்ல, நான் முழிச்சிகினுதான் இருந்தேன். எதிர்வூட்டு அக்கா வேற மாரி சொல்லுது."

"என்ன சொல்றாங்க?"

"இவரு சாப்புடலையாம். இவருக்குள்ள இன்னொருத்தர் சாப்புட்டுகினு கீறாராம்."

சிரித்துவிடலாம் என்று முரளியைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க மேடம். எனக்கே இப்ப தெரியல. காலைல முழிச்சதும் முதல்ல கையை மோந்து பாக்குறேன். எண்ணெய் வாசனை வருதான்னு. நானே தின்னுட்டு மறந்துட்டனோ என்னவோ. பிள்ளைங்கள வெச்சு வண்டி ஓட்டுறேன். தூக்கத்துல எழுந்து நடக்குற ஆளுன்னா எப்படி ஓட்டுறது?"

நான் கவுன்டருக்குப் பின்னால் நின்று சொன்ன ஒரு வாக்கியம் அந்த வீட்டில் நான்கு நாள் குடியிருந்திருக்கிறது. அதன் வேலைதான் அந்தப் பூட்டு, அந்த மாவு, அந்தத் துணி.

கையில் ரப்பர் பட்டை கட்டக் குனிந்தபோது அவர் பின்னங்கழுத்து கண்ணில் பட்டது. தோல் கறுத்துத் தடித்து, வெல்வெட் துணி போல் இருந்தது. விளக்குக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் போகாத நிழல் மாதிரி.

"அதுவா? காலர் அழுக்கு. பீர்க்கங்கா நாரு போட்டுத் தேய்க்கிறேன், போவ மாட்டேங்குது" என்றார் சுகுணா.

அது அழுக்கில்லை என்று எனக்குத் தெரியும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் கழுத்து இப்படிக் கறுக்கும் என்று படிக்கும்போது இரண்டாம் ஆண்டில் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். இரண்டு முறை அவர் என் கவுன்டருக்கு முன்னால் நின்றிருக்கிறார். நான் டியூபை மட்டும் பார்த்திருக்கிறேன்.

ரத்தம் டியூபில் இறங்கும்போதே நிறம் சரியில்லை. தக்காளிச் சாற்றில் பால் கலந்தது போல இருந்தது. முரளி வயிற்றின் மேல்பக்கத்தை ஒரு கையால் அழுத்திக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து லேசாக வலி, பட்டினி கிடந்ததால் இருக்கும் என்றார். நான் தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன். அந்தத் தலையாட்டலும் என் கணக்கில்தான் சேரும்.

லேபுக்கு வந்து சுழற்றினேன். வெள்ளை. பூட்டிய சமையலறை, மிதிபடாத மாவு, கையோடு கட்டிய கை, இவ்வளவுக்குப் பிறகும் வெள்ளை. காலை ஏழரை மணி, நல்ல வெயில், வெளியே வேளச்சேரி சாலையில் பஸ் ஹாரன். ஆனாலும் அந்த டியூபை ஸ்டாண்டில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து நின்றேன்.

பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து வெள்ளிக்கிழமை டியூபை எடுத்தேன்.

இது உங்கள் பாடத்தில் ஒரு பத்தியாக இருக்கும். நாங்களும் படித்தோம், யாரும் செய்வதில்லை. கலங்கிய சீரத்தை ஒரு நாள் குளிரில் அசையாமல் வைத்தால், சாப்பாட்டிலிருந்து வந்த கொழுப்பு பாலாடை போல மேலே மிதந்துவிடும், கீழே தெளியும். உடம்பே தயாரித்த கொழுப்பு மிதக்காது. மேலிருந்து கீழ்வரை ஒரே கலங்கலாக நிற்கும்.

நான்கு நாள் வைத்திருந்த டியூபை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். மேலே ஆடை இல்லை. அடிமுதல் ஒரே வெள்ளை. அந்த மனிதர் சாப்பிடவில்லை என்பதற்கான சாட்சி வெள்ளிக்கிழமையிலிருந்து என் ஃபிரிட்ஜில் இருந்தது. அதன் மேல் என் கையெழுத்தில் "திருப்பியது".

காலை டியூபைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மெஷினில் வைத்தேன். சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு இருநூறைத் தாண்டினாலே கவலைப்படுவோம். இவருக்கு நான்கு இலக்கம். தெருமுனை டாக்டருக்குப் போன் செய்தேன், கிளினிக் பத்து மணிக்குத்தான் திறக்கும். முரளியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஒன்பதேகாலுக்குப் பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமிலிருந்து அவசர சாம்பிள் வந்தது. சீட்டில் பெயர் முரளி. வயிற்று வலி, வாந்தி. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது கேம்ப் ரோடு சிக்னல் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார். ஆட்டோக்காரர்கள் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். கேட்டிருந்தது அமைலேஸ், அதாவது கணையம் வீங்கினால் ரத்தத்தில் ஏறும் பொருள்.

மெஷினில் போட்டேன். நார்மல் என்று வந்தது.

மேனேஜர் சார் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "நார்மல்தானேம்மா? அனுப்பிடு. அங்கேர்ந்து ரெண்டு தடவை போன் வந்துடுச்சு."

"சார், இந்தச் சீரத்துல மெஷின் படிக்கறதை நம்ப முடியாது."

"நம்ப முடியாதுன்னா ரிஜெக்ட் பண்ணு. நாலாவது பாயின்ட் நீதானே எழுதின?"

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது, இரண்டுமே விதிப்படி சரி. மெஷின் தந்த எண்ணை அனுப்பலாம். அல்லது மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பலாம். இரண்டிலும் யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. போன் மறுபடி அடித்தது. ட்யூட்டி டாக்டர், இளைஞர், குரலில் களைப்பு.

"ரிசல்ட் என்னாச்சு சிஸ்டர்? கேஸ் ட்ரபிள் மாதிரிதான் இருக்கு. அமைலேஸ் நார்மல்னா ஒரு ஊசி போட்டு அனுப்பிடலாம்னு பாக்கறேன். சுகர் அதிகம், அதுக்கு மாத்திரை எழுதிடறேன்."

"டாக்டர், நார்மல்னுதான் வருது. அதை நம்பாதீங்க. அனுப்பாதீங்க."

"புரியல."

"சீரம் பால் மாதிரி இருக்கு. கொழுப்பு மறைக்குது. காலைல ட்ரைகிளிசரைடு பார்த்தேன், நாலு இலக்கம். இது பட்டினியா இருக்கும்போதே. எட்டு நாளா இப்படித்தான் இருக்கு டாக்டர். சாப்பிட்டுட்டு வந்தார்னு சொல்லி நாங்கதான் ரெண்டு தடவை ஓட்டாம திருப்பி அனுப்பினோம். நான்தான் அனுப்பினேன்."

பின்னால் மேனேஜர் சார் "அதையெல்லாம் ஏம்மா சொல்ற" என்று முணுமுணுத்தது கேட்டது. போனில் டாக்டர் கேட்டார்.

"நீர்க்கப் பண்ணிப் பாக்கறீங்களா?"

"போட்டுட்டேன். பதினோரு நிமிஷம்."

"நான் லைன்லயே இருக்கேன்."

அந்தப் பதினோரு நிமிடம் நான் என்ன செய்தேன் என்றால், சுவரில் என் தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று முதல் ஏழு வரை, திரும்பத் திரும்ப. எண் வந்தது. மறைத்த கொழுப்பைத் தண்ணீர் விட்டுப் பிரித்ததும், அமைலேஸ் நார்மலைப் போல ஐந்து மடங்கு. கணையம் வெந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் மாலைக்குள் கை மீறியிருக்கும் என்று அந்த ட்யூட்டி டாக்டரே பின்னால் சொன்னார்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை நீங்கள் நோயாளியிடம் சொல்லத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இன்சுலின் என்றால் சர்க்கரை மட்டும்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கொழுப்புக்கும் அதுதான் காவல். "சாப்பாடு வந்தாயிற்று, சேமித்து வைத்ததைத் தொடாதே" என்று கொழுப்புக் கிடங்குக்குச் சொல்வது அது. ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பைக் கழித்து உள்ளே எடுத்துவைக்கும் ஆட்களை வேலைக்கு அனுப்புவதும் அதுதான். உடம்பு அதன் குரலைக் கேட்க மறுக்கும்போது கிடங்கு திறந்தே கிடக்கிறது. கொழுப்பு ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதைப் பொட்டலம் கட்டி ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. கழிக்க ஆளில்லை. முரளிக்குப் பரம்பரையாகவும் கொஞ்சம் இருந்திருக்கும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். வெளியே சமையலறையைப் பூட்டி மாவு தூவியாயிற்று. உள்ளே இருந்த சமையலறைக்குப் பூட்டு இல்லை. அவர் தூங்கும்போதும் அங்கே அடுப்பு எரிந்தது. எதிர்வீட்டு அக்கா உண்மைக்கு என்னைவிடப் பக்கத்தில் இருந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலும் முதல் சில நாள் அவருக்கு எதுவும் சாப்பிடத் தரவில்லை. அதே பட்டினி. கூடவே இன்சுலின் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இந்த முறை வெள்ளை கலைந்தது. சுகுணா மூன்றாம் நாள் போனில் சொன்னார்: "மேடம், இன்னிக்கு டியூபுல மஞ்சா தெரியுதாம். நர்சு காமிச்சுது." பிறகு, "பூட்டை எடுத்துட்டேன்" என்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று மாலையே நான்காவது வரியை அடித்தேன். இப்போது வெள்ளைச் சீரம் வந்தால் நான் என்ன செய்கிறேன் என்று கூட நின்று பார்த்திருக்கிறீர்கள். கேட்பேன், அவர் சொல்வதைச் சீட்டில் எழுதுவேன், நீர்க்கச் செய்து ஓட்டுவேன், டாக்டருக்கு உடனே போன் செய்வேன், மிச்சத்தைக் குளிரில் வைத்து மறுநாள் மறக்காமல் பார்ப்பேன். இதையே நான்காவது வரியாக எழுதிவிடலாமே என்று பெனிட்டா கேட்டாள். எழுதிவிட்டால் ஆறு மாதத்தில் அதையும் படிக்காமல் கடந்துவிடுவோம். காலி இடத்தில் கண் நிற்கிறது.

முரளி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். மாத்திரை, நடை, ராத்திரி சோற்றுக்குப் பதில் சுண்டல், எல்லாம் சுகுணாவின் கண்காணிப்பில். வேன் ஓடுகிறது. போன வாரமும் இருவரும் வந்தார்கள். நீங்கள்தான் ரத்தம் எடுத்தீர்கள். கலகலப்பான மனிதர் என்று சொன்னீர்கள். சுழற்றி எடுத்து, தாளுக்கு முன்னால் நானே பிடித்தேன். லேசான மங்கல் இருந்தது. ஆனாலும் அதன் வழியே ஏழு வரியும் தெரிந்தன, அடித்த கோடும் தெரிந்தது.

சொல்லலாம் என்று வெளியே போனேன். சுகுணா பெனிட்டாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். முரளி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் கதவைத் திறந்த சத்தம் கேட்டதும் அவர் வலது கை தானாக மேலே போயிற்று. விரல்களை மூக்கின் அருகில் வைத்து ஒரு முறை மோந்து பார்த்தார்.

பேச்சை நிறுத்தாமலே சுகுணா கையை நீட்டி, அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, மடியில் வைத்தார். நாள்தோறும் செய்கிற வேலையைப் போல.